திருக்கோவிலூர்ப் பாறையும் மாதானத்து எண்ணெயும்

திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்கு நடுவே ஒரு பெரும்பாறை நிற்கிறது. ஊரார் அதைக் கபிலர் குன்று என்கிறார்கள். பாரியின் மகளிரைக் கரையேற்றிவிட்டுக் கபிலர் இங்கேதான் உயிர்நீத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. தமிழ் படித்தவர்கள் அதைப் புலவரின் நினைவாகப் பார்ப்பார்கள். நாம் இங்கே அதை வெறும் பாறையாகப் பார்ப்போம்.

ஆற்றுப் படுகையில் தலைநீட்டும் கடும்பாறைகள், மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையின் சார்னோக்கைட், இடையிலுள்ள வயல்களுக்கு அடியில் கிணறு வெட்டும்போது முட்டும் கல் ஆகிய எல்லாம் ஒரே பழங்குடும்பத்தைச் சேர்ந்தவை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. இவை தோன்றிய காலத்தில் பூமியில் மீனோ மரமோ புல்லோ இல்லை. எண்ணெய் என்பது மக்கிப் புதைந்த உயிர்களின் எச்சம். எனவே திருக்கோவிலூருக்கு அடியில் எத்தனை கிலோமீட்டர் துளைத்தாலும் எண்ணெய் கிடைக்காது.

ஆனால் இங்கிருந்து தென்கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் போனால், சீர்காழிக்குப் பக்கத்தில் மாதானம் என்றொரு ஊர் வருகிறது. அங்கே எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. அவற்றுள் சில, மேலேயுள்ள மணற்கல்லையும் களிக்கல்லையும் கடந்து, அடித்தளமாகக் கிடக்கும் கடும்பாறைக்குள்ளேயே இறங்கி எண்ணெய் எடுக்கின்றன. அந்த அடித்தளப் பாறை திருக்கோவிலூர்ப் பாறையின் உறவுக்கல்தான்.

எண்ணெய் பிறக்கவே முடியாத கல்லுக்குள் எண்ணெய் எப்படி வந்தது? கண்ணுக்குத் தெரியாத அந்தக் கல்லை மண்ணுக்கடியில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்வது நில அதிர்வுப் படம் என்னும் தொழில்நுட்பம்.

கிழக்கே சரியும் தரை

திருக்கோவிலூரிலிருந்து ஆற்றோடு கடலூரை நோக்கி நடந்தால், சற்று தூரத்திலேயே கடும்பாறை மண்ணுக்குள் மறைந்துவிடும். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் தொடங்கும். அதற்கடியில் கடலூர் மணற்கல். அதே படிவ வரிசையில்தான் தெற்கே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. வடக்கே திருவக்கரையின் கல்மரங்கள் கிடக்கின்றன. இன்னும் தெற்கே அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் கடற்சிப்பிகளும் தரையிலேயே தென்படுகின்றன. டைனோசர் காலத்தின் பிற்பகுதியில் அங்கே கடல் இருந்தது. அரியலூர்ப் பகுதியின் பாறை வரிசையை ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இலேயே வகைப்படுத்தி எழுதிவிட்டார்.

இந்தப் படிவங்கள் எல்லாம் கிழக்கே சாய்ந்து இறங்குகின்றன. காரணம் பழைய முறிவு. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவை ஒன்றாயிருந்த கோண்டுவானா என்ற பெருநிலம் பிளவுபடத் தொடங்கியது. இழுவிசை தாங்காமல் கிழக்கு ஓரத்துக் கடும்பாறை நீண்ட பாளம் பாளமாக முறிந்தது. சில பாளங்கள் கீழே இறங்கிப் பள்ளங்களாயின. சில இறங்காமல் நின்று மேடுகளாயின. வடகிழக்கு–தென்மேற்காக ஓடும் இந்தப் பள்ளம் மேடுகளின் தொகுதிக்குக் காவிரிப் படுகை என்று பெயர். அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினம் பள்ளம் என்பன அதன் தாழ்ந்த பகுதிகள். கும்பகோணம்–மாதானம்–பரங்கிப்பேட்டை மேடு அதன் உயர்ந்த பகுதிகளில் ஒன்று. ஆழமான பள்ளங்களில் படிவின் தடிமன் 6 கிலோமீட்டரையும் தாண்டுகிறது.

அந்தப் பள்ளங்களை நிரப்பிய மண் மேற்கு மலைகளிலிருந்து வந்தது. இன்றும் கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுத்தாறும் கோமுகியும் வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டைக் கடலில் மணலைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இப்படித் தேய்ந்து கரைந்த மலைகளின் துகள்கள்தான் கீழே மணற்கல்லாகவும் களிக்கல்லாகவும் இறுகிக் கிடக்கின்றன. புவியியலாளர்கள் அந்த அடுக்குகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவுவதைக் கேட்பதுபோல இருக்கும்: ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம், நிரவி, திருப்பூண்டி.

இவற்றில் ஆண்டிமடம் அடுக்கு முக்கியமானது. பள்ளங்களின் அடியில் முதலில் படிந்தது அதுதான். அதிலுள்ள கரிய களிக்கல்லில் உயிர்ப்பொருள் மிகுதி. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பம் சுமார் 30 பாகை கூடுகிறது. மேலே 30 பாகை இருந்தால், 3 கிலோமீட்டர் ஆழத்தில் 120 பாகை. உயிர்ப்பொருள் மெல்ல வெந்து எண்ணெயாக மாறுவது ஏறத்தாழ 60 முதல் 120 பாகை வரையுள்ள வெப்பத்தில். அதற்கு மேல் போனால் வாயுவே மிகும். பிறந்த எண்ணெய் நீரைவிட இலேசானது. அது மேலேறும், நுண்துளையுள்ள மணற்கல் கிடைத்தால் அதில் புகும், மேலே இறுகிய களிக்கல் மூடியிருந்தால் அங்கேயே தங்கும். எண்ணெய்த் தேக்கம் என்று சொல்வது இப்படித் தங்கிய இடத்தைத்தான். குளம்போல அங்கே வெற்றிடம் எதுவும் கிடையாது. மணற்கல்லின் மணிகளுக்கு இடையிலுள்ள இண்டு இடுக்குகளில் எண்ணெய் நிற்கிறது.

அதிரவைத்துக் கேட்பது

மூன்று கிலோமீட்டர் ஆழத்திலுள்ள ஒரு கல்லின் வடிவத்தை அறிய மிக நல்ல வழி, தரையை அதிரவைத்து, திரும்பி வரும் அதிர்வைக் கேட்பது. காவிரிப் படுகை போன்ற வயல்வெளிகளில் பல மீட்டர் ஆழத்துக்குக் குழாய்த்துளை போட்டு, அடியில் சில கிலோ வெடிமருந்தை வைத்து மூடி வெடிப்பார்கள். மேல்மண் பொலபொலவென்று இருப்பதால் அதிர்வை விழுங்கிவிடும். அதைத் தாண்டிக் கீழே வைத்தால்தான் அலை உள்ளே போகும். சாலையும் கட்டடமும் உள்ள இடங்களில் வெடியை விட்டுவிட்டு, தரையில் கனத்த தட்டை அழுத்தி அதிரவைக்கும் லாரிகளைக் கொண்டுவருவார்கள்.

அதிர்வலையின் வேகம் கல்லுக்குக் கல் மாறும். காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது. நீரில் 1500 மீட்டர். படிவுக் கற்களில் அதிர்வலையின் வேகம் பொதுவாக 2000 முதல் 4000 மீட்டர். கல்வராயன் மலைக்கல் போன்ற கடும்பாறையில் 6000 மீட்டர் அளவில் இருக்கும்.

ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குள் அலை நுழையும்போது ஒரு பங்கு திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பதை, கல்லின் அடர்த்தியையும் அலைவேகத்தையும் பெருக்கினால் வரும் எண் முடிவு செய்கிறது. களிக்கல்லின் அடர்த்தி 2.4, வேகம் 3000 என்று கொண்டால் பெருக்குத்தொகை 7200. அதற்கடியில் அடர்த்தி 2.35, வேகம் 3200 உள்ள மணற்கல் இருந்தால் தொகை 7520. இரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது சுமார் 0.02. அலையின் வீச்சில் நூற்றில் இரண்டு பங்குதான் திரும்பும். அதே களிக்கல்லுக்கு அடியில் அடர்த்தி 2.7, வேகம் 6000 உள்ள கடும்பாறை இருந்தால் தொகை 16200; திரும்பும் பங்கு நூற்றில் 38. ஆகவே அடித்தளப் பாறையின் தலை நில அதிர்வுப் படத்தில் பளிச்சென்று தெரியும். திருக்கோவிலூரில் தரைமட்டத்தில் முடிந்துபோன பாறைப்பரப்பைக் கிழக்கே கடற்கரை வரை தொடர்ந்து வரைய முடிவது இதனால்தான்.

திரும்பும் அதிர்வைத் தரையில் ஊன்றிய ஜியோபோன் என்னும் சிறு கருவிகள் வாங்கிக்கொள்ளும். காந்தத்துக்கும் அதைச் சுற்றித் தொங்கும் கம்பிச்சுருளுக்கும் இடையே ஏற்படும் சிறு அசைவை மின்சாரமாக மாற்றுவதே அவற்றின் வேலை. ஒரு வெடிக்கு ஆயிரக்கணக்கான ஜியோபோன்கள் ஐந்தாறு நொடி கேட்கும். 2000 இணைப்புகள், 6 நொடி, நொடிக்கு 500 அளவீடு என்று கொண்டால் ஒரே வெடிக்கு 60 லட்சம் எண்கள் பதிவாகின்றன.

இந்த முறையின் வயது நூறாண்டுக்குச் சற்று மேல். அதற்கும் முன்னோடியாக, அயர்லாந்தின் இராபர்ட் மாலட் 1849இல் கில்லைனி கடற்கரையில் வெடிமருந்தைப் புதைத்து வெடித்து, மணலில் அதிர்வின் வேகத்தை அளக்கத் தொடங்கினார். எண்ணெய்த் தேடலுக்கு எதிரொலி முறையை 1921இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஜான் கார்ச்சரும் கூட்டாளிகளும் சோதித்துக் காட்டினர். கார்ச்சர் 1930இல் தொடங்கிய நில அதிர்வு ஆய்வு நிறுவனம்தான் பின்னாளில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆனது. இன்று மின்னணுச் சில்லுகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனம், எண்ணெய் தேடப் பிறந்தது.

இரைச்சலிலிருந்து படம்

பதிவான அலைகளை அப்படியே வரைந்தால் ஒன்றும் புரியாது. காற்று, லாரி, பம்புசெட், தரையோடு ஊர்ந்துவரும் மேலலை எல்லாம் சேர்ந்து பதிவை நிரப்பியிருக்கும். இதற்கு ஒரு வழியைக் கண்டு, ஹாரி மேன் 1950இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நிலத்தடியிலுள்ள ஒரே புள்ளியிலிருந்து திரும்பும் அலையை, வெடிக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றி மாற்றிப் பலமுறை பதிய வேண்டும். பிறகு அவற்றைக் கூட்ட வேண்டும். உண்மையான எதிரொலி ஒவ்வொரு முறையும் ஒத்துவரும், இரைச்சல் ஒத்துவராது. 64 பதிவுகளைக் கூட்டினால் எதிரொலி இரைச்சலைவிட 8 மடங்கு தெளிவு பெறும்.

கூட்டுவதற்கு முன் ஒரு திருத்தம் தேவை. வெடித்த இடத்திலேயே நின்று கேட்டால், 3 கிலோமீட்டர் ஆழத்துக் கல்லிலிருந்து எதிரொலி வர, சராசரி வேகம் 3000 மீட்டர் என்றால், போக வர 2 நொடி. 3 கிலோமீட்டர் தள்ளி நின்று கேட்டால் அலை சாய்வாக வருவதால் 2.24 நொடி ஆகும். அந்த 0.24 நொடித் தாமதத்திலிருந்து, துளை போடாமலேயே கல்லின் வேகத்தைக் கணக்கிடலாம். வேகம் தெரிந்தால் நொடிகளை மீட்டராக மாற்றலாம். சாய்ந்த அடுக்குகளின் எதிரொலி படத்தில் இடம் மாறி விழுந்திருக்கும். அதை உரிய இடத்துக்கு நகர்த்துவதற்குத்தான் பெரும் கணினிகள் நாட்கணக்கில் உழைக்கின்றன.

காவிரிப் படுகையில் இந்த வேலை 1950களின் இறுதியில் தொடங்கியது. 1956இல் அமைந்த எண்ணெய் இயற்கை எரிவாயு ஆணையம், அதாவது இன்றைய ஓ.என்.ஜி.சி., 1958இல் இங்கே புவியியற்பியல் ஆய்வைத் தொடங்கி, 1964இல் காரைக்காலில் முதல் ஆழ்துளையைப் போட்டது. வணிக அளவில் எண்ணெய் கிடைத்த நரிமணம் கண்டறியப்பட்டது 1985இல். நாகை அருகே சுத்திகரிப்பு ஆலை 1993இல் இயங்கத் தொடங்கியது. முதல் துளைக்கும் நரிமணத்துக்கும் இடையே 21 ஆண்டுகள். அந்த இடைவெளியில் பதிவுக் கருவிகள் எண்முறைக்கு மாறின, கூட்டுமுறை வழக்கமானது, கோடுகோடாக எடுத்த படங்கள் பின்னர் முப்பரிமாணப் படங்களாயின.

கல்லின் வெடிப்புகள்

இனி மாதானத்துக்கு வருவோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் போர் போட்டவர்களுக்கு இந்தப் பகுதி எளிதாக விளங்கும். கடும்பாறையில் நீர் கல்லுக்குள் ஊறி நிற்பதில்லை. கல்லின் வெடிப்புகளில் நிற்கிறது. ஒரு கொல்லையில் ஐந்நூறு அடி போயும் புகைதான் வருகிறது. பக்கத்துக் கொல்லையில் நூற்றைம்பது அடியில் தண்ணீர் பீறிடுகிறது. ரிக் வண்டி வெடிப்பைத் தொட்டதா தொடவில்லையா என்பதே வேறுபாடு.

மாதானம் மேட்டில் நடந்ததும் இதே. அந்த மேடு, படிவுகள் மூடுவதற்கு முன், நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. உதிர்ந்து, உருண்டு, விரிசல்விட்டு நின்ற அந்த நிலப்பரப்பு எப்படி இருந்திருக்கும் என்று காண விரும்புகிறவர் திருக்கோவிலூர்ப் பாறைகளைச் சுற்றி வந்தால் போதும். முறிவுகள் அதில் மேலும் வெடிப்புகளை உண்டாக்கின. பிறகு இருபுறத்துப் பள்ளங்களும் நிரம்பின, மேடும் மூடப்பட்டது. பள்ளத்தின் ஆழத்தில் ஆண்டிமடக் களிக்கல்லில் பிறந்த எண்ணெய், பக்கவாட்டில் மேலேறி, தன்னைவிட உயரத்தில் நின்ற பழம்பாறையின் வெடிப்புகளுக்குள் நுழைந்தது. எண்ணெய் பொதுவாகக் கீழிருந்து மேலேதான் போகிறது. இங்கே மேலே இருந்தது வயதில் மூத்த கல். முரணாகத் தோன்றியது இவ்வளவுதான்.

புதுச்சேரிக்கு அப்பால் கடலில் பி.ஒய்.–1 என்ற வயலிலும் வெடிப்பு விழுந்த கிரானைட் பாறையிலிருந்தே வாயு எடுக்கப்பட்டது. உலகில் இதற்குப் பேர்போன இடம் வியட்நாமின் பாக் ஹோ. அங்கே மேலேயுள்ள மணற்கல்லில் 1975இலேயே எண்ணெய் தென்பட்டது. அடியிலுள்ள கிரானைட்டில் பெருந்தேக்கம் இருப்பது 1988இல்தான் தெரியவந்தது. அதுவரை அடித்தளப் பாறையைத் தொட்டதும் துளையை நிறுத்துவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது.

வெடிப்புகளைப் படமெடுப்பது கடினம். பாறையின் தலை பளிச்சென்று தெரியும் என்றோம். அதன் உள்ளே அடுக்குகள் இல்லாததால் படம் மங்கிவிடும். செங்குத்தான விரிசல் மேல்நோக்கி எதிரொலி அனுப்புவதும் இல்லை. எனவே ஆய்வாளர்கள் சுற்றி வளைத்துத் தேடுகிறார்கள். அடுத்தடுத்த பதிவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்று முப்பரிமாணப் படம் முழுவதும் ஒப்பிடுவது ஒரு வழி. ஒவ்வாத இடங்களை மட்டும் கறுப்பாக்கினால் முறிவுகள் நரம்புபோல எழுந்துவரும். 1995இல் அறிமுகமான முறை இது. விரிசலின் போக்கிலேயே போகும் அலையும் குறுக்கே போகும் அலையும் வேகத்தில் சற்று வேறுபடும். நாலா திசையிலும் கேட்டு அந்த வேறுபாட்டை அளந்தால், வெடிப்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று சொல்லலாம்.

திருக்கோவிலூரில் என்ன பயன்?

எண்ணெய் இல்லாத கடும்பாறை நிலத்திலும் இந்தக் கலை பயன்படுகிறது. பாலமோ தடுப்பணையோ கட்டுமுன் கெட்டிப்பாறை எத்தனை அடியில் இருக்கிறது என்று பார்க்க வெடிகூட வேண்டாம். ஓர் இரும்புத் தட்டும் சம்மட்டியும் இரண்டு டஜன் ஜியோபோன்களும் போதும். தளர்ந்த மண்ணில் நேராக வரும் அலை மெதுவாக வரும். கீழே இறங்கி, கெட்டிப்பாறையின் மேற்பரப்பில் ஓடி, மீண்டும் மேலேறும் அலை அதிகத் தொலைவு போனாலும் முந்திவிடும். நகரத்துக்குள் புகுந்த பேருந்தைப் புறவழிச்சாலையில் சுற்றிவந்த பேருந்து முந்துகிற கதைதான். எந்தத் தூரத்தில் முந்துகிறது என்று பார்த்தால் பாறையின் ஆழம் கிடைத்துவிடும்.

ஆழமான கேள்விக்கும் இதே முறை. ஹைதராபாத்தின் தேசியப் புவியியற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், கல்வராயன் மலைக்கு மேற்கே, குப்பத்திலிருந்து பழனி வரை நில அதிர்வு ஆய்வு நடத்தியிருக்கிறது. நமது கடும்பாறை ஓடு அங்கே 40 கிலோமீட்டருக்கும் மேல் தடித்திருக்கிறது என்று அது காட்டியது. திருக்கோவிலூர்ப் பாறை எவ்வளவு ஆழம் போகிறது என்று கேட்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் நெருங்கிய விடை அது.

படம் சொல்வதும் சொல்லாததும்

நில அதிர்வுப் படத்துக்கு எல்லைகள் உண்டு. நொடிக்கு 30 முறை அதிரும் அலை, 3000 மீட்டர் வேகத்தில் போனால், அதன் அலைநீளம் 100 மீட்டர். அதில் கால்பங்கான 25 மீட்டருக்கும் மெலிந்த மணற்கல்லின் மேல்தளமும் அடித்தளமும் தனித்தனியாகத் தெரியா. ஏழு மாடிக் கட்டடத்தின் உயரமுள்ள அடுக்குகூட ஒற்றைக் கோடாகவே தெரியும். மேலும், மணற்கல்லில் வாயு இருந்தால் அலைவேகம் குறைந்து அந்த இடம் படத்தில் ஒளிரும்; ஆனால் சிறிதளவு வாயு இருந்தாலும் ஏறக்குறைய அதே அளவு ஒளிரும். ஒளியை நம்பித் துளைபோட்டு ஏமாந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. படம் வடிவத்தைக் காட்டும். உள்ளே இருப்பது நீரா எண்ணெயா என்பதைத் துளைதான் உறுதிசெய்யும்.

துளை போடலாமா என்பது வேறு கேள்வி. அதற்குப் படத்தில் விடை கிடையாது. எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்துப் போராடிய நெடுவாசல், கதிராமங்கலம் மக்கள் 2017இல் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். 2020இல் தமிழ்நாடு சட்டமன்றம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கி, அங்கே புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுகளுக்கும் கிணறுகளுக்கும் தடை விதித்தது. மண்ணும் நிலத்தடி நீரும் யாருக்கு, எந்த விலைக்கு என்பதை வயலில் நிற்பவர்களும் சட்டமன்றமும் சேர்ந்துதான் முடிவுசெய்ய முடியும்.

ஆனால் ஏற்கெனவே எடுத்த படங்கள் வீணாக வேண்டியதில்லை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பகுதி பொதுப்பணத்தில் சேர்ந்த பதிவுகள் அவை. நாட்டின் நில அதிர்வுத் தரவுகளை ஓரிடத்தில் வைக்க, ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகத்தின் கீழ் தேசியத் தரவுக் களஞ்சியம் 2017இல் தொடங்கப்பட்டது. எண்ணெய்க்காக எடுத்த படங்களில் மேலேயுள்ள சில நூறு அடி தெளிவாக வராது. அதற்குக் கீழே கடலூர் மணற்கல் எங்கே தடிக்கிறது, எங்கே முறிகிறது, கடும்பாறை எந்தக் கோட்டில் கீழே இறங்குகிறது என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன. நெய்வேலிக்கும் கடலூருக்கும் இடையே ஆழ்நிலத்தடி நீரைக் கணக்கிட அவை உதவும். தமிழ்நாட்டுப் புவியியல் துறைகளின் மாணவர்கள் அந்தப் பழைய பதிவுகளைக் கேட்டுப் பெற்று, நீருக்காக ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் தேடிச் செய்த செலவுக்கு உழவர்கள் பெறக்கூடிய நியாயமான பலன் அதுவாகவே இருக்கும்.